வாரம் ஒரு சொல்

நான் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றது 2018-ஆம் ஆண்டில். 34 ஆண்டுகள் தமிழ் கற்பித்தவனுக்கு ஓய்வு எளிதில் பழகுவதில்லை. காலை ஒன்பது மணி ஆனதும் கால்கள் தாமாகவே பள்ளியை நோக்கித் திரும்பும். பழைய ஏடுகளைத் தூசு தட்டி அடுக்குவதிலும், திருவையாற்றுப் புஷ்ய மண்டபப் படித்துறையில் அமர்ந்து காவிரியைப் பார்ப்பதிலும் சில காலம் சென்றது. ‘பார்ப்பதிலும்’ என்று எழுதிவிட்டேன். அந்நாளில் நான் காவிரியைப் பார்த்தேன் என்று இப்பொழுது துணிந்து கூற இயலவில்லை. காவிரியைப் பற்றி இலக்கியங்கள் கூறுவனவற்றை எண்ணிக்கொண்டு அதன் கரையில் அமர்ந்திருந்தேன், அவ்வளவே.

அப்பொழுது, முன்னாளில் என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் கோயம்புத்தூரிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். அவர் இன்று ஒரு பொறியாளர்.

“ஐயா, படம் எடுப்பதில் விருப்பமுடையோர் நாற்பது பேர் ஒரு குழுவாகச் சேர்ந்திருக்கிறோம். பெரும்பாலோர் ஒருவரையொருவர் நேரில் கண்டதில்லை. சிலர் சென்னையில் இருக்கிறார்கள். சிலர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்கள். ஒருவர் சிங்கப்பூரில் இருக்கிறார். திங்கட்கிழமைதோறும் ஒரு சொல்லைத் தலைப்பாக வைத்துக்கொள்வோம். ஞாயிறு இரவுக்குள் ஒவ்வொருவரும் அச்சொல்லுக்கு ஏற்ற படம் ஒன்றை எடுத்துக் கைப்பேசி வழியே மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டும். எங்களுக்குப் படம் எடுக்கத் தெரிகிறது. சொல் தேடத்தான் தெரியவில்லை. மழை, மலர், மாலை என்று மூன்று மாதத்தில் எல்லாம் தீர்ந்துவிட்டன. தாங்கள்தாம் வாரம் ஒரு சொல் தருதல் வேண்டும்” என்றார்.

சொல் தருவதா எனக்கு அரிது? நிகண்டை மனப்பாடம் செய்த நா ஆயிற்றே! உடனே இசைந்தேன். இசைந்த பின்னரே அவர் மெல்லக் கூறினார்: “சொல் தருபவரும் படம் தர வேண்டும் என்பது குழுவின் விதி, ஐயா.”

வேறு விதிகளும் இருந்தன. வாரத்திற்கு ஒரு படமே அனுப்பலாம், இரண்டு கூடாது. அப்படம் அந்த வாரத்திலேயே எடுக்கப்பட்டிருக்க வேண்டும். பெட்டியில் கிடந்த பழைய படத்தைத் தூசு தட்டிக் கொண்டுவருதல் ஆகாது. பரிசு இல்லை, முதல்வர், இரண்டாமவர் என்னும் வரிசையும் இல்லை. ஆனால் ஒவ்வொருவரும் பிறர் எடுத்த படம் ஒன்றைப் பற்றியேனும், அதில் தாம் கண்டது யாது என்று இரண்டு வரி எழுதியாக வேண்டும். ‘நன்று’, ‘அருமை’ என்று எழுதினால் அது கணக்கில் சேராது. இந்த விதி என் உள்ளத்திற்கு மிகவும் உகந்ததாயிற்று. விடைத்தாளில் ‘நன்று’ என்று எழுதி எத்தனை மாணவர்களை நான் படிக்காமலே கடந்து வந்திருக்கிறேன்!

தலைப்புக் கொடுத்துப் படைக்கச் சொல்வது நமக்குப் புதியதன்று. அரசர் கல்லூரியில் நான் புலவர் வகுப்பில் பயின்ற காலத்தில், எம் ஆசிரியர் மாலையில் ஓர் ஈற்றடியைச் சொல்லி அனுப்புவார். மறுநாட் காலையில் அந்த அடியில் முடியும் வெண்பாவோடு நாங்கள் வந்து நிற்க வேண்டும். பழைய தொகை நூல்களிலும் இம்முறை உண்டு. ஐங்குறுநூற்றைப் பாருங்கள். ஐந்து திணைகளைப் புலவர் ஐவர் திணைக்கு நூறு பாட்டாகப் பாடியிருக்கின்றனர். ஒவ்வொரு நூறும் பத்துப் பத்தாகப் பிரிந்து நிற்கும். ஒரு பத்து முழுதும் நண்டு வரும். ஒரு பத்து முழுதும் எருமை வரும். குரங்குக்கு ஒரு பத்து, கிளிக்கு ஒரு பத்து, மயிலுக்கு ஒரு பத்து. ஒரே பொருளைப் பத்து முறை பார்த்தால், பத்தாம் முறையும் அது புதிதாகத் தோன்ற வேண்டும். தோன்றாவிட்டால் குறை பொருளிடத்ததன்று.

இக்கலையின் பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். புலவனுக்கு இந்த நோய் தீராது. பலர் புகைப்படம் என்பர். இதில் புகை சிறிதும் இல்லை. நிழற்படம் என்பர் சிலர்; ஒளிப்படம் என்பர் வேறு சிலர். 1839-இல் ஆங்கில அறிஞர் ஜான் ஹெர்ஷல் பரவச் செய்த பெயரோ, ஒளியால் எழுதுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களால் ஆயது. ஒளிப்படமே பொருத்தம் என்று குழுவில் நான் ஒரு நீண்ட கட்டுரை எழுதினேன். ஒருவரும் மறுக்கவில்லை, ஒருவரும் பின்பற்றவும் இல்லை. எல்லாரும் ‘படம்’ என்றே சொல்லிவந்தனர். இப்பொழுது நானும் அவ்வாறே சொல்கிறேன்.

முதல் வாரம் நான் கொடுத்த சொல் ‘நிழல்’. உச்சி வேளையில் எங்கள் தெருவிலுள்ள புங்க மரத்தடியில் நின்று அதன் நிழலைப் படம் எடுத்து அனுப்பினேன். கருநிறத் துணியைத் தரையில் விரித்தாற்போல அது இருந்தது. யாழ்ப்பாணத்துப் பள்ளி மாணவி ஒருத்தி, சுண்ணாம்பு அடித்த சுவரின்மேல் காலை நேரத்தில் விழுந்த கொடிக்கயிற்றின் நிழலை அனுப்பியிருந்தாள். கயிற்றில் உலர்ந்த துணிகள் படத்தில் இல்லை. அவற்றின் நிழல்கள் மட்டும் வரிசையாக ஆடிக்கொண்டிருந்தன. “ஐயா, நிழல் கறுப்பாக இல்லை, பாருங்கள். நீலமாக இருக்கிறது” என்று அவள் எழுதினாள்.

சிறு பெண்ணின் கற்பனை என்று எண்ணினேன். ஆயினும் மறுநாட் காலை ஏழு மணிக்கு எதிர்வீட்டு வெண்சுவரின் முன் போய் நின்றேன். அவள் சொன்னது உண்மை. சுவரின் வெயில் பட்ட பகுதி மஞ்சள் கலந்த வெண்மையாய் இருந்தது. நிழல் விழுந்த பகுதி மெல்லிய நீலமாய் இருந்தது. ஞாயிற்றின் நேரொளி அங்கே தடைப்பட்டாலும், நீல வானத்திலிருந்து வரும் ஒளி தடையின்றி விழுகின்றது அன்றோ? அறிவியல் ஆசிரியர்க்கு இது தெரிந்திருக்கும். அறுபது ஆண்டுகளாக நீல நிழல்களின் நடுவே நடந்து திரிந்த எனக்கு, நிழல் கரியது என்று நூல்கள் சொல்லியிருந்தமையால், தெரியவில்லை.

சில வாரங்கள் கழித்து ‘வளை’ என்னும் சொல்லைக் கொடுத்தேன். இது குறும்பாகவே செய்தது. வளை என்பது கையில் அணியும் வளையலும் ஆம், சங்கும் ஆம், வீட்டுக் கூரையைத் தாங்கும் மரமும் ஆம், எலியும் நண்டும் வாழும் பொந்தும் ஆம். எதிர்பார்த்தபடியே நாற்பது பேரும் நான்கு திசையில் ஓடினர். சிங்கப்பூர் அன்பர் மட்டும், வளைந்து செல்லும் மேம்பாலம் ஒன்றை எடுத்தனுப்பி, “வளை என்பது ஏவல் வினையும் ஆகுமே, ஐயா” என்று எழுதி என்னை மடக்கினார்.

நான் நண்டு வளையைத் தேடிச் சென்றேன். ஆடிப் பெருக்கு முடிந்து வயல்களில் நீர் நின்ற காலம் அது. வரப்பின் சரிவில் வளை எளிதில் அகப்பட்டது. வாயில் சிறு சிறு மண்ணுருண்டைகள் கிடந்தன. நண்டுதான் அகப்படவில்லை. நான் குனிந்ததும் அது உள்ளே போய்விடும். அரை மணி நேரம் காத்திருந்தும் வெளிவரவில்லை. அவ்வழியே மண்வெட்டியோடு வந்த உழவர் ஒருவர் சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, “ஐயா, உங்கள் நிழல் அதன் வாசலில் விழுகிறது. கிழக்குப் பார்த்து உட்காருங்கள்” என்றார். அன்று நேரமாகிவிட்டது. மறுநாள் விடியற்காலையில் சென்று, என் நிழல் என் பின்னே விழும்படி அமர்ந்து, கைகளை அசைக்காமல் இருந்தேன். சிறிது நேரத்தில் நண்டு வெளியே வந்தது. காம்பு போல் நீண்ட இரண்டு கண்களையும் நிமிர்த்தி என்னைப் பார்த்தது. ஒரு படம் எடுத்தேன். அடுத்த நொடியில் அக்கண்களை மடித்துக் குழியில் பதித்துக்கொண்டு பக்கவாட்டில் உள்ளே நுழைந்துவிட்டது.

வீட்டிற்கு வந்து அப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது என் உடல் சிலிர்த்தது. ஐங்குறுநூற்றின் நண்டுப் பத்தில், நண்டின் கண்ணுக்கு வேம்பின் அரும்பு உவமையாகச் சொல்லப்பட்டுள்ளது. ஆண்டுதோறும் அதனைக் கற்பித்திருக்கிறேன். ‘வடிவுவமை’ என்று கரும்பலகையில் எழுதி அடிக்கோடிட்டிருக்கிறேன். நண்டின் கண்ணையும் நான் உற்றுப் பார்த்ததில்லை. வேம்பின் அரும்பையும் உற்றுப் பார்த்ததில்லை. வேம்பு அரும்பும் பங்குனி மாதம் வரையில் பொறுத்திருந்து, ஒரு கொத்தைப் பறித்து அப்படத்தின் அருகே வைத்துப் பார்த்தேன். மெல்லிய காம்பும், அதன் நுனியில் நீள்உருண்டையான சிறு மொட்டும் அப்படியே பொருந்தின. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வயல் வரப்பில் தன் நிழலைப் பின்னே விட்டு அசையாமல் அமர்ந்திருந்த ஒருவரை அன்றுதான் எனக்குத் தெரிய வந்தது.

இவ்வளவு பெருமை பேசிய நான், அடுத்து நிகழ்ந்த பிழையையும் மறைத்தல் ஆகாது.

ஒரு வாரத்துச் சொல் ‘கை’. கோவைப் பொறியாளர் யானையின் துதிக்கையை எடுத்து அனுப்பினார். யானையைக் கைம்மா என்பது வழக்கு ஆதலால் அது தகும் என்று நான் தீர்ப்பளித்தேன். எனக்கோ வேறோர் எண்ணம் இருந்தது. ஐயாறப்பர் கோயில் வாசலில் பூ விற்கும் அம்மையார் ஒருவர் உண்டு. எழுபது வயதைக் கடந்தவர். இருபது ஆண்டுகளாக வெள்ளிக்கிழமைதோறும் அவரிடந்தான் பூ வாங்குகிறேன். அவருடைய விரல்கள் கணுக்களில் தடித்து, தோல் சுருங்கி, நகங்கள் கறுத்து இருக்கும். வலக்கைச் சுட்டுவிரலில் ஒரு தழும்பும், மோதிர விரலில் ஒரு செப்பு மோதிரமும் உண்டு. அன்று அவர் வேறொருவர்க்குப் பூ அளந்துகொண்டிருந்தபோது, பணம் எடுப்பவன் போல் நின்று, அவரறியாமல் அக்கைகளைப் படம் எடுத்தேன்.

வீட்டில் அதைப் பார்த்தபோது, நடுவிலிருந்த வெண்மையான பூச்சரம் கண்ணை இழுத்தது. சுருக்கங்கள் எடுப்பாகத் தோன்றவில்லை. எடுத்த படத்தின் ஓரங்களை வேண்டிய அளவு வெட்டிக்கொள்ளக் கைப்பேசியில் வழி உண்டு. பூவை வெட்டி நீக்கினேன். எஞ்சியவை விரல்களும் வரிகளுமே. அதன்கீழ் ‘வறுமை வரைந்த வரிகள்’ என்று எழுதி அனுப்பினேன். மும்முறை வந்த வகரம் என் காதுக்கு இனித்தது. குழுவினர் அதுவரை என் படம் எதையும் அவ்வளவு புகழ்ந்ததில்லை. ஒருவர் அதைத் தம் நண்பருக்கு அனுப்பினார். அவர் மற்றொருவர்க்கு அனுப்பினார். இவ்வாறு ஊர் சுற்றிய அப்படம் எங்கள் ஊருக்கே வந்து சேர்ந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் சென்றபோது அம்மையார் வழக்கம் போல் பூவை அளக்கவில்லை.

“வாத்தியார் ஐயா, நேற்று என் பேரன் ஒரு படம் காட்டினான். மோதிரத்தைப் பார்த்ததும் என் கை என்று தெரிந்துவிட்டது. கீழே ஏதோ எழுதியிருந்ததைப் படித்தான். அது நீங்கள் எழுதியதா?”

“ஆம்” என்றேன்.

“இருபது வருஷமாக என்னிடம் பூ வாங்குகிறீர்கள். ஒரு நாளாவது அளவு குறைத்துக் கொடுத்தேனா?”

“இல்லை.”

“யாரிடமாவது நான் கை நீட்டி நின்று பார்த்தீர்களா?”

“இல்லை, அம்மா.”

சிறிது நேரம் அவர் பேசவில்லை. பிறகு கோபமின்றி, உண்மையில் அறிய விரும்புகிறவர் போலவே கேட்டார்: “அந்தப் படத்தில் பூவைக் காணோமே, ஐயா?”

நான் விடை சொல்லவில்லை. என்ன சொல்வேன்? என் மோனைக்குப் பூ இடையூறாக இருந்தது என்றா? மோனைக்காகப் பொருளைக் கொல்லாதே என்று எத்தனையோ மாணவர்களின் ஏட்டில் சிவப்பு மையால் எழுதியவன் நான்.

அன்றிரவே அப்படத்தை நீக்கிவிட்டு, நடந்ததைக் குழுவினர்க்கு எழுதினேன். படத்தை வைத்திருப்போர் அழித்துவிடுமாறும், பிறர்க்கு அனுப்பியவர்கள் அவர்களிடமும் சொல்லிவிடுமாறும் வேண்டினேன். ஒரு பெரிய வாதம் எழுந்தது. கோயில் வாசல் பலர் கூடும் இடம். அங்கே படம் எடுக்க ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருந்தால் இக்கலையே நடவாது என்றனர் சிலர். கேளாமல் எடுப்பது களவே என்றனர் சிலர். இரு பக்கத்தாரும் சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு. கேட்டிருத்தல் வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் அம்மையார் என்னிடம் கேட்டது இசைவைப் பற்றியதன்று. அவருடைய கை எதைச் செய்துகொண்டிருந்ததோ அதை வெட்டிவிட்டு, அக்கையைப் பற்றி நான் எப்படி எழுதினேன் என்பதே அவர் வினா. அதற்குக் குழுவில் எவரிடமும் விடை இல்லை.

மறுவாரம் அவரிடம் சென்று, பூவோடு சேர்த்து ஒரு படம் எடுக்க இசைவு தருவாரா என்று கேட்டேன். “எடுங்கள். ஆனால் இப்போது வேண்டாம். இப்போது நான் விற்கிறேன். கட்டுவதைப் பார்க்க வேண்டுமானால் விடியற்காலையில் வீட்டுக்கு வாருங்கள்” என்றார்.

ஐந்து மணிக்குச் சென்றேன். திண்ணையில் ஒரு மின்விளக்கு எரிந்தது. நனைத்த வாழைநார் ஒரு கிண்ணத்தில் இருந்தது. மல்லிகை அரும்புகள் ஈரத்துணியின்மேல் குவிந்திருந்தன. அவர் கட்டத் தொடங்கினார். இப்புறம் இரண்டு அரும்பு, அப்புறம் இரண்டு அரும்பு, நாரில் ஒரு சுருக்கு, ஓர் இழுப்பு. அவ்வளவுதான், ஆனால் என் கண்ணால் அதைத் தொடர முடியவில்லை. இருபது ஆண்டுகளாக அவர் கட்டிய சரத்தை வாங்கியவன், கட்டுவதை அன்றுதான் முதல் முறையாகக் கண்டேன். தடித்த அந்தக் கணுக்கள் அரும்பு ஒன்றையும் நசுக்கவில்லை.

படம் எடுத்துப் பார்த்தேன். பூச்சரம் தெளிவாக இருந்தது. விரல்கள் மட்டும் புகைபோல் கலங்கியிருந்தன. வெளிச்சம் குறைந்த இடத்தில் படக்கருவி தன் கண்ணைச் சற்று நீண்ட நேரம் திறந்து வைக்கின்றது. அதற்குள் அசையும் பொருள் இடம் மாறிவிடுவதால் உருவம் கலைந்துபோகின்றது.

முன்பு பார்த்த சில பழைய படங்கள் அப்பொழுது நினைவுக்கு வந்தன. லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, சென்னை அரசாங்கத்தாரால் படம் எடுப்பதற்கென்றே அமர்த்தப்பட்டவர். தஞ்சாவூரிலும் எங்கள் திருவையாற்றிலும் அவர் எடுத்த படங்கள் 1858-இல் வெளிவந்தன. தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் அடிப்பகுதியிலுள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக அமைத்தவர் அவர். மெழுகேற்றிய தாளில் படம் பதிந்த காலம் அது; ஒரு படத்திற்குச் சில நிமிடங்கள் வேண்டும். ஆதலால் அப்படங்களில் கோபுரமும் மண்டபமும் கல்லில் எழுத்தும் தெளிவாக நிற்கின்றன. மக்களைக் காண்பது அரிது. வேலை செய்யும் கை ஓரிடத்தில் நில்லாது அன்றோ? அன்றும் யாரேனும் இத்தெருவில் பூக் கட்டியிருப்பார்கள். அவர்கள் தாளில் பதியவில்லை.

கலங்கிய விரல்களைப் பார்க்கப் பார்க்க, இதுவே சரியான படம் என்று எனக்குத் தோன்றிற்று. அதை அம்மையாரிடம் காட்டினேன். அவர் கைப்பேசியைக் கண்ணருகே பிடித்து நெடுநேரம் பார்த்தார். தம் கையைப் பார்க்கிறார் என்று எண்ணினேன்.

“இந்த இடத்தில் முடிச்சுத் தளர்ந்திருக்கிறது, ஐயா. உங்களோடு பேசிக்கொண்டே கட்டியது. இதை யாருக்கும் காட்டாதீர்கள்” என்று சொல்லிவிட்டு, புதிதாக ஒரு நாரை எடுத்தார். “இப்போது எடுங்கள்.”

அரை முழம் வரையில் அவர் ஒரு சொல்லும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பொழுது புலர்ந்து திண்ணையில் வெளிச்சம் பரவத் தொடங்கியிருந்தது. அப்பொழுது எடுத்த படத்தைக் காட்டினேன். சரத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரையில் விரலால் தொட்டுக்கொண்டே பார்த்து, “சரி” என்றார்.

‘கை’ என்னும் சொல்லுக்குரிய வாரம் கழிந்து பல நாட்கள் ஆகியிருந்தன. ஆகவே விதிப்படி அப்படத்தைக் குழுவிற்கு அனுப்ப இயலவில்லை. தஞ்சாவூரில் அதை அச்சிட்டு அம்மையாரிடம் கொடுத்தேன். கீழே ஒன்றும் எழுதவில்லை. அவர் அதை வாங்கிப் பூக்கூடையின் அடியில், ஈரம் படாதபடி பழைய செய்தித்தாளில் சுற்றி வைத்துக்கொண்டார். பிறகு எனக்கு இரண்டு முழம் அளந்து கொடுத்து, வழக்கமான விலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.